பூட்டு மக்கர் செய்தால் கதவையே கழற்றிவிடுவதா?

குன்றத்தூர் கடைத்தெருவில் ஏதாவது ஒரு மளிகைக் கடை வாசலில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் டீ குடிக்க எழுந்தால்கூடப் பெட்டியைத் தள்ளி, சாவியைத் திருகிவிட்டுத்தான் எழுந்திருப்பார். கடையில் நிற்பது சொந்தத் தம்பியாகவே இருக்கட்டும், பத்து வருடமாகக் கூட வேலை பார்க்கும் ஆளாகவே இருக்கட்டும். கை தானாகச் சாவிக்குப் போய்விடும். அந்தப் பூட்டு ஒருநாள் இறுகிக்கொண்டால் என்ன செய்வார்? இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவார். அதற்கும் மசியவில்லை என்றால் பூட்டு ரிப்பேர்காரரைக் கூப்பிடுவார். "இந்தப் பூட்டே தொல்லை, இனிமேல் கல்லா திறந்தே கிடக்கட்டும்" என்று எந்தக் கடைக்காரரும் முடிவெடுக்க மாட்டார்.

கணினி என்று வந்துவிட்டால் மட்டும் இந்த முடிவைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள்! லினக்ஸ் கணினியில் திரைப்பூட்டு தகராறு செய்கிறது என்று யாரிடமாவது சொன்னால் போதும். "செட்டிங்ஸ்ல போய் ஸ்கிரீன் லாக்கை ஆஃப் பண்ணிடு மச்சி, பிரச்னை தீர்ந்தது" என்பதுதான் முதல் பதில். பெரும்பாலும் அதுவே கடைசிப் பதிலும். பிரச்னை தீர்ந்ததா? பூட்டு போனது, அவ்வளவுதான். அந்த யோசனை ஏன் தவறு, அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பெயர்தான் பர்சனல்

பர்சனல் கம்ப்யூட்டர் என்று பெயர் வைத்தவர்கள் ஒரு ஆளுக்கு ஒரு மேசை, ஒரு மேசைக்கு ஒரு கணினி என்று கற்பனை செய்திருக்கலாம். சேக்கிழார் பிறந்த ஊரான குன்றத்தூர் இன்றைக்கு இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் ஊர்களில் ஒன்று. இங்கே கணினி இருக்கும் விதமே வேறு.

ஒரு வீட்டை நினைத்துப் பார்க்கலாம். அக்கா பிளஸ் டூ முடித்தபோது வந்த அரசு மடிக்கணினி. இப்போது அக்கா ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை. பகலில் தம்பி கல்லூரிப் பாடத்துக்கு எடுப்பான், மாலையில் அப்பா மின் கட்டணம் கட்டுவார், ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பையன் கேம் விளையாட வருவான். அல்லது ஒரே அறையை நான்கு பேர் வாடகைக்கு எடுத்திருக்கும் இளைஞர்களை நினைத்துக்கொள்ளலாம். ஒருவர் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது இன்னொருவர் இறங்குவார். அறையில் ஒரே மடிக்கணினி, ஒரே மேசை.

இப்படிப்பட்ட இடத்தில் திரை திறந்தே கிடந்தால் என்னென்ன திறந்து கிடக்கும்? வாட்ஸ்அப் வெப், ஜிமெயில், உலவி நினைவில் வைத்திருக்கும் கடவுச்சொற்கள், சம்பளச் சீட்டு, ஒரு பெண் யாரிடமும் காட்ட விரும்பாத நாட்குறிப்பு. வெளியிலிருந்து ஒரு ஹேக்கர் வந்து குன்றத்தூர் வீட்டு மடிக்கணினியை உடைக்கப் போவதில்லை. பார்க்கக்கூடாததைப் பார்ப்பது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் ஆள்தான். அதுவும் கெட்ட எண்ணத்தோடு இல்லை, திறந்திருந்தது, பார்த்தாயிற்று! ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஊருக்குத்தான் திரைப்பூட்டு அதிகம் தேவை. தனி அறை, தனி மேசை உள்ளவருக்கு அது வெறும் கூடுதல் வசதி.

லினக்ஸ் எங்கிருந்து வந்தது?

"குன்றத்தூரில் யார் லினக்ஸ் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் லினக்ஸ் அரசாங்கத்தின் வழியாகவே வீட்டுக்குள் வந்தது. 2007 வாக்கில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசி லினக்ஸுக்கு மாற்றியது. அதே 2007-இல் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸின் முதல் பதிப்பும் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு அந்த பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அந்தத் திட்டத்தில் கொடுக்கப்பட்ட மடிக்கணினிகள் 50 லட்சத்துக்கும் மேல். அதில் எத்தனை பேர் லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்த்தார்கள் என்பது வேறு கதை :-)

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளில் லினக்ஸ் மின்ட், உபுண்டு, எக்ஸ்எஃப்சிஇ என்று யாராவது ஒரு நண்பர் நிறுவிக் கொடுக்கிறார். நிறுவிக் கொடுத்தவர் போய்விடுகிறார். ஒருநாள் திரை பூட்டிக்கொண்டு திறக்க மறுக்கிறது. அப்போதுதான் "லாக்கை ஆஃப் பண்ணிடு" என்ற அருள்வாக்கு கிடைக்கிறது.

நான்கு வேலை, ஒரே பெயர்

பாதிக் குழப்பம் பெயரில்தான் இருக்கிறது. திரை கறுப்பானால் எல்லோரும் "லாக் ஆகிடுச்சு" என்கிறார்கள். உண்மையில் அங்கே நான்கு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. திரைக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்துவது ஒன்று. திரைக்காப்பு எனப்படும் ஸ்கிரீன்சேவர் படம் காட்டுவது இரண்டு. கடவுச்சொல் கேட்கும் பூட்டு மூன்று. கணினியையே உறங்க வைக்கும் சஸ்பெண்ட் நான்கு. நான்குக்கும் தனித்தனி அமைப்பு, தனித்தனி நேரக்கணக்கு.

உதாரணத்துக்கு க்னோம் மேசைச்சூழலை எடுத்துக்கொள்ளலாம். யாரும் தொடாமல் 5 நிமிடம் ஆனால் திரை அணையும் என்பது அதன் இயல்பு அமைப்பு. திரை அணைந்த பிறகு எவ்வளவு நேரம் கழித்துப் பூட்ட வேண்டும் என்பது வேறொரு அமைப்பு. முதலாவதை 5 நிமிடத்திலும் இரண்டாவதை ஒரு மணி நேரத்திலும் வைத்துவிட்டு "பூட்டே வேலை செய்யலை" என்று புலம்புகிறவர்கள் உண்டு. பூட்டு சொன்னபடிதான் நடக்கிறது!

ஆகவே கோளாறைத் தேடும் முன் கேட்க வேண்டிய கேள்வி: கையால் பூட்டினால் பூட்டுகிறதா? க்னோம், கேடிஇ இரண்டிலும் விண்டோஸ் விசையோடு எல் அழுத்தினால் திரை பூட்டும். சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ போன்றவற்றில் கன்ட்ரோல், ஆல்ட், எல் மூன்றும் சேர்த்து அழுத்த வேண்டும். இப்படிப் பூட்டினால் பூட்டு நன்றாக இருக்கிறது, நேரம் பார்க்கும் பகுதியில்தான் கோளாறு. இப்படியும் பூட்டவில்லை என்றால் பூட்டு மென்பொருளே ஓடவில்லை, அல்லது நிறுவப்படவே இல்லை. பூட்டிய பிறகு திறக்கவில்லை என்றால் அது மூன்றாவது வகை. ஒரே ஒரு விசையை அழுத்திப் பார்த்ததில் நோய் எந்த உறுப்பில் என்பது தெரிந்துவிடுகிறது.

பூட்டாத பூட்டு

தானாகப் பூட்டாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணங்கள்தான். உலவியின் ஏதோ ஒரு மூலையில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தால் "திரையை அணைக்காதே" என்று அது கணினியிடம் கேட்டுக்கொள்ளும். படம் பார்க்கும்போது நடுவில் பூட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு அது. வீடியோவை மறந்துவிட்டு எழுந்து போகிறவருக்கு அதுவே ஓட்டை. மடிக்கணினியை மூடினால் உறங்கும், ஆனால் உறங்குவதற்கு முன் பூட்டு என்று எக்ஸ்எஃப்சிஇ-இன் மின்மேலாண்மை அமைப்பில் தனியாக ஒரு கட்டத்தைத் தேர்வு செய்ய வேண்டியிருக்கும். அதைச் செய்யாவிட்டால் மூடித் திறந்தவுடன் மேசை அப்படியே காட்சி தரும்.

இன்னொரு காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. பழைய எக்ஸ் 11 முறையில் ஓடும் மேசைச்சூழலில் வலது சொடுக்குப் போட்டு ஒரு மெனுவைத் திறந்து, அதை மூடாமல் அப்படியே விட்டுவிட்டால் திரை பூட்டாமல் போகலாம். அந்த மெனு விசைப்பலகையையும் எலியையும் தன் பிடியில் வைத்திருக்கும். பூட்டு வந்து அதே பிடியைக் கேட்கும், கிடைக்காது, பேசாமல் திரும்பிப் போய்விடும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. "ஆன் பண்ணினா நேரா உள்ளே போகணும்" என்று தானியங்கி நுழைவை வைத்திருப்பது. திரைப்பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பவர் பொத்தானை அழுத்தி அணைத்து மீண்டும் போட்டால் மேசை திறந்துவிடும். முன்வாசலுக்கு மூன்று பூட்டு, கொல்லைப்புறத்தில் கதவே இல்லை என்ற கதை.

திறக்காத பூட்டு: தமிழ் தட்டச்சு செய்பவர்களின் தலைவலி

பூட்டைக் கழற்றச் சொல்வோரின் உண்மையான கோபம் இந்த வகை மீதுதான். சரியான கடவுச்சொல்லை அடிக்கிறோம், தவறு என்கிறது. கேப்ஸ் லாக் பார்த்தாயிற்று. மறுபடி அடித்தாயிற்று. வேலை முடியாமல் உள்ளே கிடக்கிறது. கோபம் வருவது நியாயம்தான்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இதில் ஒரு தனி வினை காத்திருக்கிறது. 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 போன்ற விசைப்பலகையை லினக்ஸில் இரண்டு வழியில் வைக்கலாம். முதல் வழி, கணினியின் விசைப்பலகை அமைப்பையே தமிழுக்கு மாற்றுவது. இரண்டாவது வழி, ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் போன்ற உள்ளீட்டு மென்பொருளை வைத்து அதற்குள் தமிழைச் சேர்ப்பது. முதல் வழியில் வைத்தவர் தமிழில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது திரை பூட்டிக்கொண்டால், பூட்டுத் திரையிலும் விசைப்பலகை தமிழிலேயே நிற்கும். அவர் ஆங்கிலக் கடவுச்சொல் அடிப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். உள்ளே விழுவது ககரமும் ஙகரமும்! கண்ணுக்குத் தெரிவது வெறும் புள்ளிகள். "பாஸ்வேர்டு மறந்துட்டேனோ" என்று தன்மீதே சந்தேகம் வந்துவிடும்.

க்னோம், கேடிஇ பூட்டுத் திரைகளில் எந்த மொழி விசைப்பலகை இருக்கிறது என்று காட்டும் குறியீடு உண்டு. பழைய கணினிகளில் போடும் சில எளிய பூட்டுகளில் அதுவும் கிடையாது. மொழி மாற்றும் குறுக்குவிசையை அழுத்தினாலும் சில நேரம் மாறாது. அதற்கும் காரணம் இருக்கிறது. குறுக்குவிசையை மேசைச்சூழலின் அமைப்பில் வைத்திருந்தால், பூட்டு விசைப்பலகையைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த விசை மேசைச்சூழலின் காதில் விழாது. அதற்குப் பதிலாக, விசைப்பலகை அமைப்பின் உள்ளேயே "ஆல்ட், ஷிஃப்ட் சேர்த்து அழுத்தினால் மொழி மாறு" என்று வைத்திருந்தால் பூட்டியிருக்கும்போதும் மாறும். தமிழை ஐபஸ் வழியாக வைத்துக்கொண்டு, விசைப்பலகை அமைப்பை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவது இன்னும் நிம்மதி. பொதுவாக, பூட்டுத் திரை உள்ளீட்டு மென்பொருளைக் கடவுச்சொல் கட்டத்துக்குள் விடாது.

கோளாறு மொழியில்தானா என்று உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரையில் எழுத்து முனையம் ஒன்று வரும். அங்கே பெரும்பாலும் ஆங்கில விசைப்பலகைதான் இருக்கும். அதே பயனர்பெயர், அதே கடவுச்சொல். உள்ளே விட்டால் கடவுச்சொல் சரி, நினைவும் சரி, குற்றவாளி விசைப்பலகைதான்!

அந்த முனையத்திலிருந்தே பூட்டைத் திறக்கவும் முடியும். "லாகின்சிடிஎல் லிஸ்ட்-செஷன்ஸ்" என்ற கட்டளை ஓடிக்கொண்டிருக்கும் அமர்வுகளை எண்ணோடு காட்டும். "லாகின்சிடிஎல் அன்லாக்-செஷன்" என்று அடித்து அந்த எண்ணைக் கொடுத்தால் க்னோம், கேடிஇ பூட்டுகள் திறந்துகொள்ளும். சில எளிய பூட்டுகள் இந்தக் கட்டளையை மதிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் அந்த முனையத்திலிருந்து "எக்ஸிட்" கொடுத்து வெளியே வருவது கட்டாயம். இல்லாவிட்டால் முன்வாசலைச் சரிசெய்த ஆள் பக்கத்து ஜன்னலைத் திறந்தே விட்டுப் போனதாக ஆகிவிடும். அடுத்து வருகிறவர் அதே மூன்று விசையை அழுத்தினால் போதும்.

திறக்காததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆர்ச் லினக்ஸ் போன்றவற்றில் மூன்று முறை தவறாக அடித்தால் 10 நிமிடத்துக்குச் சரியான கடவுச்சொல்லும் ஏற்கப்படாது. பதற்றத்தில் திரும்பத் திரும்ப அடிக்காமல் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் திறந்துவிடும். இரண்டு பூட்டு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டு முறை கடவுச்சொல் கேட்கும், சில நேரம் வெறும் கறுப்புத் திரையில் நின்றுவிடும். லைட்-லாக்கர் என்ற பூட்டு உறக்கத்திலிருந்து எழும்போது இப்படிக் கறுப்பாகி நிற்பது பல வருடத்துப் புகார். கன்ட்ரோல், ஆல்ட்டோடு எஃப்7 அல்லது எஃப்8 அழுத்திப் பார்த்தால் நுழைவுத் திரை தென்படலாம். இரண்டு பூட்டில் ஒன்றை நீக்கிவிடுவதுதான் நிரந்தர மருந்து.

பூட்டை நிறுத்தியே ஆக வேண்டிய ஒரு தருணம் உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். டெபியன் வகைக் கணினிகளில் பெரிய பதிப்பு உயர்வு நடக்கும்போது, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பகுதியே மாறிவிடலாம். அந்த நேரத்தில் பழைய பூட்டு ஓடிக்கொண்டிருந்தால் பிறகு அதைத் திறக்க முடியாமல் போகலாம் என்று டெபியனே எச்சரிக்கும். அப்போது அதை நிறுத்தி வைப்பது சரி. உயர்வு முடிந்ததும் மறுபடி போட வேண்டும். இது எண்ணெய் விடுவதற்காகப் பூட்டைக் கழற்றுவது மாதிரி. கழற்றிக் குப்பையில் போடுவது வேறு.

விழுந்துவிடும் பூட்டு

பூட்டாததையும் திறக்காததையும்விட மோசமானது மூன்றாவது வகை. பூட்டியிருப்பதுபோல் தெரியும், ஆனால் பூட்டு இருக்காது.

2021 ஜனவரியில் லினக்ஸ் மின்ட் பயனர் ஒருவர் ஒரு கோளாறைப் பதிவு செய்தார். அவருடைய குழந்தைகள் பூட்டிய கணினியை "ஹேக்" செய்யப் போவதாகச் சொல்லிக்கொண்டு, விசைப்பலகையிலும் திரையில் வரும் விசைப்பலகையிலும் ஒரே நேரத்தில் கண்டபடி தட்டியிருக்கிறார்கள். பூட்டு சுருண்டு விழுந்தது, மேசை திறந்துகொண்டது! தற்செயல் என்று நினைத்தவருக்கு இரண்டாம் முறையும் செய்து காட்டினார்கள் பிள்ளைகள். திரை விசைப்பலகையில் ஒரு குறிப்பிட்ட எழுத்தை அழுத்தினால் அந்த மென்பொருள் செயலிழந்து, கூடவே பூட்டையும் இழுத்துக்கொண்டு விழுகிறது என்பது பிறகு தெரியவந்தது. சில நாட்களிலேயே சரிசெய்தார்கள்.

இது முதல் முறையும் இல்லை. 2012 ஜனவரியில் எக்ஸ்.ஆர்க் 1.11 பதிப்பில் கன்ட்ரோல், ஆல்ட்டோடு எண் பலகையின் பெருக்கல் குறியை அழுத்தினால் எந்தப் பூட்டும் விலகிவிடும் என்பது கண்டுபிடிக்கப்பட்டது. நிரல் எழுதுகிறவர்களின் சோதனை வசதிக்காக வைத்த விசை, தவறுதலாக எல்லோருடைய கணினிக்கும் வந்துவிட்டது.

ஏன் இப்படி நடக்கிறது? எக்ஸ் 11 முறையில் திரைப்பூட்டு என்பது மற்ற எல்லா நிரல்களையும்போல ஒரு சாதாரண நிரல். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய கறுப்புத் துணியை விரித்து, விசைப்பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த நிரல் செத்தால் துணியும் போய்விடும், உள்ளே இருப்பது தெரிந்துவிடும். அதனால் பூட்டு எவ்வளவு சிறியதோ, எவ்வளவு அலங்காரம் இல்லாததோ அவ்வளவு நல்லது என்று 1992 முதல் எக்ஸ்ஸ்கிரீன்சேவரை எழுதிவரும் ஜேமி ஜவின்ஸ்கி பல வருடமாகக் கத்திக்கொண்டிருந்தார். பூட்டுக்குள் அழகான பொத்தான்களையும் திரை விசைப்பலகையையும் திணித்தால் விழுவதற்கான காரணங்களும் கூடவே வரும் என்பது அவர் வாதம். 2021 சம்பவம் அவர் சொன்னதை அப்படியே நிரூபித்தது.

வேலேண்ட் என்ற புதிய முறையில் இதற்கு விடை இருக்கிறது. 2022-இல் அதற்கு வந்த பூட்டு நெறிமுறைப்படி, பூட்டு நிரல் செத்தாலும் திரை பூட்டியபடியே இருக்க வேண்டும். க்னோமிலும் பூட்டு மேசைச்சூழலின் அங்கமாகவே இருக்கிறது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10 தன் க்னோம் மேசையில் எக்ஸ் 11 அமர்வையே விட்டுவிட்டது.

மகிழ்ச்சி. ஆனால் அந்தப் புதிய மேசை யாருடைய கணினியில் ஓடும்? நல்ல நினைவகமும் புதிய செயலியும் உள்ள கணினியில். 2012-இல் வந்த அரசு மடிக்கணினியில் போடுவது எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்டிஇ போன்ற இலகுவான சூழல்கள்தான். அவை பெரும்பாலும் இன்றும் எக்ஸ் 11-ஐ நம்பியே ஓடுகின்றன. தனி அறையில் தனியாக இருக்கும் புதிய கணினிக்கு உறுதியான பூட்டு. நான்கு பேர் புழங்கும் பழைய கணினிக்கு ஆடும் பூட்டு. அதையும் ஆஃப் பண்ணிவிடு என்று ஆலோசனை. இது நியாயமா?

"வீட்டுக்குள்ள எதுக்குப் பூட்டு?"

இப்படிக் கேட்பவர்கள் நிறைய. "அக்கா தம்பிக்குள் என்ன ரகசியம்? ஒருத்தரை ஒருத்தர் நம்பலையா?"

வணிகவியல் மாணவர்கள் தணிக்கைப் பாடத்தில் உள்ளகக் கட்டுப்பாடு என்று ஒன்றைப் படிக்கிறார்கள். பணத்தைக் கையாளுபவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது அதன் பாலபாடம். காசாளர் திருடன் என்று அதற்குப் பொருள் கிடையாது. நாளைக்குக் கணக்கு உதைத்தால் நேர்மையான காசாளர்மீது சந்தேகம் விழாமல் காப்பாற்றுவதே அந்த ஏற்பாடுதான். வீட்டுக் கணினியின் பூட்டும் அப்படியே. அக்காவின் அஞ்சலிலிருந்து ஏதோ ஒன்று தவறாகப் போய்விட்டால், தம்பிமீது பழி விழாமல் தடுப்பது அந்தப் பூட்டுதான். பூட்டு இருக்கும் வீட்டில் சந்தேகத்துக்கு இடமில்லை.

"யூஎஸ்பியில் வேறு லினக்ஸ் போட்டுத் திறந்தால் எல்லாக் கோப்பும் தெரியுமே, அப்புறம் இந்தப் பூட்டு எதற்கு?" என்பது கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களின் கேள்வி. உண்மைதான். வட்டை மறையாக்கம் செய்யாத கணினியில் திரைப்பூட்டு திருடனைத் தடுக்காது. ஆனால் பூட்டு நல்லவனுக்குத்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். யூஎஸ்பி போட்டு உடைப்பவர் தெரிந்தே தப்பு செய்கிறவர். திறந்திருந்ததால் எட்டிப் பார்க்கிறவர்கள்தான் வீட்டிலும் அறையிலும் பெரும்பாலோர். அவர்களை அந்தத் தப்பிலிருந்து காப்பாற்ற ஒரு கடவுச்சொல் கட்டம் போதும்.

என்ன செய்யலாம்?

ஒரு கணினியைப் பலர் பயன்படுத்தும் இடத்தில் ஆளுக்கொரு பயனர் கணக்கு வைப்பதுதான் முதல் வேலை. லினக்ஸ் பிறவியிலேயே பலர் பயன்படுத்தும்படி வந்தது, இதற்குக் காசும் கிடையாது. தானியங்கி நுழைவை எடுத்துவிட வேண்டும். எழுந்திருக்கும்போது கையால் பூட்டும் பழக்கம் வர வேண்டும், கல்லாக்காரரின் கை சாவிக்குப் போவதுபோல. வாரத்துக்கு ஒருமுறையாவது மூடித் திறந்து, பூட்டு உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடக் கூடாது. 2021-இன் ஓட்டை சில நாளில் அடைபட்டது, ஆனால் புதுப்பித்தவர்களுக்கு மட்டும்தான்.

நிறுவிக் கொடுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உபுண்டு போட்டுக் கொடுத்தால் மட்டும் உதவி முடிந்துவிடாது. தமிழ் விசைப்பலகை பூட்டுத் திரையில் சிக்கினால் எப்படி வெளியே வருவது என்ற ஐந்து நிமிடப் பாடத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்ற தன்னார்வக் குழுக்களிடம் தமிழிலேயே சந்தேகம் கேட்கலாம். இதே மாவட்டத்தின் பெயரில் அப்படி ஒரு குழு இருப்பது குன்றத்தூரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அந்தப் பெட்டிக்குள் ஒரே ஒரு தாள் கூடுதலாக வைக்கலாம். தனிக் கணக்கு தொடங்குவது எப்படி, திரையைப் பூட்டுவது எப்படி, பூட்டு திறக்காவிட்டால் என்ன செய்வது என்று தமிழில் ஒரு பக்கம். 20 லட்சம் வீடுகளுக்கு ஒரு பக்கம் என்பது பெரிய செலவு ஆகாது.

திரைப்பூட்டு தொந்தரவு செய்யும்போது கோபப்பட எல்லோருக்கும் உரிமை உண்டு. கோபத்தில் எடுத்த முடிவைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தொந்தரவு செய்வது எந்தப் பகுதி என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆகும். பூட்டை ஆஃப் பண்ணப் பத்து விநாடி போதும். ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவில் களைத்து வீடு திரும்பும் அக்கா, தன் மடிக்கணினியைத் திறக்கும்போது தான் விட்டது விட்டபடியே இருக்கிறது என்று நம்ப முடிவது அந்தப் பத்து நிமிடத்தால்தான்.

கல்லாக்காரரிடம் கேட்டால் அவரும் இதைத்தான் சொல்வார். எண்ணெய் விடு தம்பி, பூட்டை ஏன் கழற்றுகிறாய்?